கொழும்பின் டச்சுப் பறங்கியர் குடும்ப வரலாறு

டச்சுப் பறங்கியர் என்போர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்க்க இலங்கைக்கு வந்து, அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட ஐரோப்பியர்களின் வழித்தோன்றல்கள். 1656 முதல் 1796 வரை கம்பெனியின் கையில் இருந்த கொழும்பு இவர்களின் முதன்மையான ஊர். காலி, மாத்தறை, யாழ்ப்பாணம் முதலிய கோட்டை நகரங்களிலும் இவர்கள் வாழ்ந்தார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம் இது. ஆனால் இலங்கையின் சட்டம், பத்திரிகை, கல்வி, ஓவியம், இலக்கியம் ஆகிய துறைகளில் இவர்களின் பங்கு பெரிது.

ஆசியாவில் குடியேறிய ஐரோப்பியச் சமூகங்களுள், மூன்று நூற்றாண்டுக் குடும்ப வரலாற்றை ஆவணங்களோடு தொகுத்து வைத்திருப்பவை சிலவே. டச்சுப் பறங்கியர் அவற்றுள் ஒன்று. அந்த வரலாறு பெரும்பாலும் தந்தை வழியாக மட்டுமே எழுதப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆணின் பெயரில் வம்சம் தொடங்கியது. அவரை மணந்த பெண் எந்த ஊர், எந்த இனம் என்பது கணக்கில் வரவில்லை. ஒரு குடும்பம் எப்படி "டச்சுக் குடும்பம்" ஆனது, அதை முடிவு செய்த ஆவணங்கள் எவை, அதன் விளைவு என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்க் காரணம்

டச்சு மொழியில் "பர்கர்" என்றால் நகரத்தின் உரிமை பெற்ற குடிமகன் என்று பொருள். கம்பெனி ஆட்சியில் ஐரோப்பிய வழியினர் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர். கம்பெனியில் சம்பளம் வாங்குவோர் "கம்பெனி ஊழியர்". ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அனுமதி பெற்று நகரத்தில் தங்கி, கடை வைத்தோ கைத்தொழில் செய்தோ பிழைத்தவர்கள் "சுதந்திர பர்கர்". ஆகவே தொடக்கத்தில் பர்கர் என்பது ஓர் இனத்தின் பெயராக இருக்கவில்லை. அது நகரத்தில் ஒருவருக்கு இருந்த தகுதியைக் குறித்தது. ஆங்கிலேயர் காலத்தில்தான் அது ஒரு சமூகத்தின் பெயராக நிலைத்தது.

தமிழில் இவர்களைப் "பறங்கியர்" என்கிறோம். ஐரோப்பியரைக் குறிக்கும் "ஃபிராங்கி" என்ற சொல்லின் தமிழ் வடிவம் அது. முதலில் போர்த்துக்கீசியரைக் குறித்து, பின்னர் டச்சு வழியினருக்கும் பொதுவானது. டச்சுக்காரரை ஈழத்தமிழர் "ஒல்லாந்தர்" என்று அழைப்பர்.

கம்பெனியின் வருகை

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கப்பட்டது. இலங்கையின் கறுவாப்பட்டை அப்போது போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அவர்களை விரட்ட விரும்பிய கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் டச்சுக்காரருடன் உடன்படிக்கை செய்துகொண்டான். 1638-இல் மட்டக்களப்பும், 1640-இல் காலியும் டச்சுக்காரர் வசமாயின. நெடிய முற்றுகைக்குப் பின் 1656 மே மாதம் கொழும்பு வீழ்ந்தது. 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் பிடிபட்டன. அதே ஆண்டில் எதிர்க்கரையில் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் டச்சுக்காரரிடம் சென்றன. இவ்வாறு பாக் நீரிணையின் இரு கரைகளும் ஒரே கம்பெனியின் கீழ் வந்ததால், கப்பல்களும் அதிகாரிகளும் வணிகரும் அடிமைகளும் இரு கரைகளுக்கும் இடையே வந்துபோயினர். குடும்பங்களும் அவ்வாறே பரவின.

கொழும்பில் இன்றுள்ள பல இடப்பெயர்கள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதிக்கு "ஹல்ஃப்ட்ஸ்டோர்ப்" என்றும் பெயர். 1656 முற்றுகையில் மாண்ட டச்சுத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயர் அது. புறக்கோட்டை, டச்சுக் குடும்பங்கள் வாழ்ந்த வீதிகளைக் கொண்ட பகுதி. கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் "அடிமைத் தீவு" என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். கம்பெனியின் அடிமைகள் இரவில் அடைத்து வைக்கப்பட்ட இடம் அது. தமிழ்ப் பெயரில் கம்பெனி இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் அடிமைகள் இருக்கிறார்கள்.

"டச்சு" என்ற பெயருக்குள் பல நாடுகள்

கம்பெனி தன் இரு நூற்றாண்டு வாழ்வில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேரை ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்கள் எல்லாரும் டச்சுக்காரர் அல்லர். நெதர்லாந்து சிறிய நாடு. அத்தனை பேரைத் தரும் அளவுக்கு அங்கே மக்கள் இல்லை. ஜெர்மானிய நாடுகள், ஸ்கண்டிநேவியா, பிளாண்டர்ஸ், சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலிருந்தும் ஆள் சேர்க்கப்பட்டது. மதக் கொடுமைக்குத் தப்பிப் பிரான்சிலிருந்து வெளியேறிய புராட்டஸ்டண்டு குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் வந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் பிற நாட்டவரே. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் பகுதியில் 1781-இல் திரட்டப்பட்ட "த மெரோன்" படைப்பிரிவும் இலங்கையில் பணியாற்றியது.

ஆகவே டச்சுப் பறங்கியரின் குடும்பப் பெயர்களில் பல நாடுகள் கலந்திருக்கின்றன. வான் லாங்கன்பர்க், வான் கைலன்பர்க் போன்ற பெயர்களில் "வான்" என்பது "இன்ன ஊரைச் சேர்ந்தவர்" என்று பொருள்படும் டச்சுச் சொல். லொரென்ஸ் ஜெர்மானியப் பெயர். புரோஹியர், டூசேன் ஆகியவை பிரெஞ்சு மூலம் உடையவை. யான்ஸ், பீட்டர்ஸ், அந்தோனிஸ் போன்ற பெயர்களின் இறுதியில் வரும் "ஸ்" ஒலி, "மகன்" என்ற டச்சுச் சொல்லின் சுருக்கம். யான்ஸ் என்றால் யானின் மகன். தந்தையின் பெயரை ஒட்டிய இந்தப் பின்னொட்டு, தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவதைப் போன்றது. பின்னாளில் அதுவே மாறாத குடும்பப் பெயராகிவிட்டது.

மணமகளும் அவள் குடும்பமும்

கம்பெனியின் கப்பல்களில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மணமாகாத இளைஞர்கள். மாலுமி, சிப்பாய், தச்சர், கொல்லர், எழுத்தர் என்று பல வேலைகளுக்கு வந்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவிலிருந்து பெண்களை அனுப்பிக் குடியேற்றும் முயற்சியைக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டிலேயே கைவிட்டது. செலவு மிகுதி, வந்த குடும்பங்கள் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பவே விரும்பின.

இதற்கு மாற்றாக, உள்ளூரில் மணம் செய்துகொள்வது ஊக்குவிக்கப்பட்டது. 1646 முதல் 1650 வரை ஆளுநராக இருந்த யோவான் மாட்சைக்கர் இதில் முனைப்பாக இருந்தார். அக்கால மணமகள்களில் பலர் போர்த்துக்கீசியத் தந்தையருக்கும் சிங்கள, தமிழ்த் தாய்மாருக்கும் பிறந்த வழியினர். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதே கம்பெனியின் முதல் நிபந்தனை. சிங்களப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற அடிமைப் பெண்கள் ஆகியோரும் ஞானஸ்நானம் பெற்று மனைவியராயினர்.

இதனால் ஒரு புதுமையான நிலை தோன்றியது. தந்தை கம்பெனியில் டச்சு மொழியில் கணக்கு எழுதினார். வீட்டிலோ தாயும் பிள்ளைகளும் பணியாளரும் போர்த்துக்கீசியக் கலப்பு மொழியில் பேசினர். போர்த்துக்கீசிய ஆட்சியை ஒழித்த டச்சுக்காரரின் வீட்டு மொழியாகப் போர்த்துக்கீசியமே நீடித்தது. வீட்டு மொழியைத் தீர்மானித்தவர்கள் தாய்மார்களே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

குடும்ப வரலாற்றைத் தரும் ஆவணங்கள்

கம்பெனி ஒரு வணிக நிறுவனம். எல்லாவற்றையும் எழுதி வைப்பது அதன் வழக்கம். அந்தக் கணக்கு வழக்குகளே இன்று குடும்ப வரலாற்றுக்கு மூலங்களாகின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு.

1. கப்பல் சம்பளப் பேரேடுகள். கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு திறக்கப்பட்டது. பெயர், சொந்த ஊர், பதவி, கப்பலின் பெயர், வாங்கிய முன்பணம், கடன், இறப்பு அல்லது பணி முடிந்த விவரம் ஆகியவை அதில் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் பேரேடுகள் நெதர்லாந்தின் த ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரு குடும்பத்தின் முதல் முன்னோர் எந்த ஊர்க்காரர் என்பதை இவற்றிலிருந்து அறியலாம்.

2. தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவை தேவாலயத்தில் பதிவாயின. கொழும்பின் வுல்பெண்டால் தேவாலயம் 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் திறக்கப்பட்டது. ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயருடன் தாயின் பெயரும், அவள் பிறந்த குடும்பத்தின் பெயரும், சாட்சியாக நின்றவர்களின் பெயர்களும் இடம்பெறும்.

3. தோம்பு. நிலமும் குடும்பமும் பற்றிய பதிவேடு இது. "தோம்பு" போர்த்துக்கீசியச் சொல். டச்சுக்காரர் இந்த முறையை விரிவாக்கினர். எந்த நிலம் யாருக்கு உரியது, குடும்பத் தலைவர் யார், வீட்டில் உள்ளவர்கள் யார் என்பதை எழுதினர். சிங்களர், தமிழர் குடும்பங்களின் வரலாற்றுக்கும் தோம்புகள் பயன்படுகின்றன.

4. அநாதைச் சபை ஆவணங்கள். பெற்றோர் இறந்தால் பிள்ளைகளின் பங்கைக் காப்பதற்காகக் கம்பெனி நகரங்களில் ஒரு சபை இயங்கியது. இறந்தவரின் வீட்டுப் பொருட்களை அது பட்டியலிட்டது. கட்டில், பாத்திரம், நகை, அடிமைகள், கடன் பத்திரம் என்று அனைத்தும் அப்பட்டியலில் வரும். உயிலும் வாரிசு விவரமும் சேர்ந்தே கிடைக்கும்.

5. கல்லறைக் கற்கள். பெரிய கற்பலகைகளில் குடும்பச் சின்னத்துடன் பிறப்பு, இறப்பு, பதவி ஆகியவை செதுக்கப்பட்டன. கொழும்புக் கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைகள் 1813-இல் வுல்பெண்டாலுக்கு மாற்றப்பட்டன. லியோபோல்ட் லுடோவிசி 1877-இலும், ஜே. பி. லூயிஸ் 1913-இலும் இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர்.

டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003-இல் யுனெஸ்கோவின் "உலக நினைவுப் பதிவேட்டில்" சேர்க்கப்பட்டன. த ஹேக், கேப்டவுன், கொழும்பு, ஜகார்த்தா ஆகிய நகரங்களோடு சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் டச்சுத் தொகுதியும் அதில் அடங்கும்.

இந்த ஆவணங்களைப் படிக்கும் தமிழ் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டச்சுக்காரர் தமிழரை "மலபாரர்" என்றும், தமிழை "மலபார் மொழி" என்றும் எழுதினர். ஆகவே ஓர் இலங்கை ஆவணத்தில் "மலபார்" என்று வந்தால் உடனே கேரளம் என்று கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது தமிழரையே குறிக்கும்.

ஒரு குடும்பத்தின் கதை: ஒண்டாட்ஜி

தந்தை வழிக் கணக்கின் பொதுவிதிக்கு மாறான ஒரு குடும்பமும் டச்சுப் பறங்கியரிடையே புகழ்பெற்றது. அது ஒண்டாட்ஜி குடும்பம். அதன் முதல் முன்னோர் ஐரோப்பியர் அல்லர். தமிழகத்திலிருந்து சென்ற ஒரு மருத்துவர். தஞ்சையைச் சேர்ந்த அவர் 1659-இல், அதாவது கொழும்பு டச்சுக்காரர் வசமாகி மூன்று ஆண்டுகளில், டச்சு ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் பார்க்க அழைக்கப்பட்டார் என்பது அக்குடும்பத்தின் மரபு. மைக்கேல் யூரி ஒண்டாச்சி என்பது அவர் பெயராகப் பதிவாகியிருக்கிறது. கிறிஸ்தவராகிக் கொழும்பிலேயே தங்கினார். தமிழ் மூலம் உடைய கொழும்புச் செட்டிகள் சமூகத்தின் வரலாற்றிலும் இந்தப் பெயர் பேசப்படுகிறது.

அவருடைய வழித்தோன்றல்களில் ஒருவர் வில்லம் யூரியான் ஒண்டாட்ஜி. இவர் நெதர்லாந்து சென்று இறையியல் படித்துத் திரும்பி, கொழும்பில் டச்சுத் திருச்சபையின் போதகராகப் பணியாற்றினார். அவர் மகன் பீட்டர் குயின்ட் ஒண்டாட்ஜி 1758-இல் கொழும்பில் பிறந்தார். படிப்புக்காக நெதர்லாந்து சென்ற அவர், உட்ரெக்ட் நகரில் மாணவராக இருக்கும்போதே "தேசபக்தர்" இயக்கத்தின் முன்னணித் தலைவராக உயர்ந்தார். நகர மக்களுக்கு ஆட்சியில் பங்கு வேண்டும் என்று கோரிய இயக்கம் அது. 1787-இல் பிரஷ்யப் படை புகுந்து அந்த இயக்கத்தை அடக்கியபோது அவர் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். 1795-இல் நெதர்லாந்தில் ஆட்சி மாறியபின் திரும்பினார். 1818-இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், காலமானார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே ஐரோப்பிய நகரம் ஒன்றில் மக்களாட்சிக் கோரிக்கைக்குத் தலைமை தாங்கியவர்களில், தமிழ் மருத்துவர் ஒருவரின் வழியில் வந்த கொழும்புக்காரர் இருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி.

ஆங்கில நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாட்ஜியும் இக்குடும்பத்தவரே. 1943-இல் கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய அவர், 1992-இல் புக்கர் பரிசு பெற்றார். 1982-இல் வெளியான "ரன்னிங் இன் த ஃபேமிலி" என்ற நூலில், கொழும்புத் தேவாலயங்களில் முன்னோர்களின் கல்லையும் பதிவேட்டையும் தேடிச் சென்றதை எழுதியிருக்கிறார். தந்தை வழிக் கணக்கை அப்படியே பொருத்தினால் இது ஒரு தமிழ்க் குடும்பம். மதம், மொழி, மண உறவு, பதவி ஆகியவற்றால் அது டச்சுப் பறங்கியர் குடும்பமாக அறியப்பட்டது.

ஆங்கிலேயர் காலம்

1796 பிப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. உயர் அதிகாரிகளில் பலர் பத்தாவியாவுக்கோ நெதர்லாந்துக்கோ சென்றனர். போக வசதியில்லாதவர்களும், பல தலைமுறையாக இங்கேயே வேர் ஊன்றியவர்களும் தங்கிவிட்டனர். ஒரே ஆண்டில் அவர்களின் வேலை, சம்பளம், அரசு மூன்றும் போயின.

ஆங்கில அரசுக்கு எழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் தேவைப்பட்டனர். டச்சுக்காரர் விட்டுச் சென்ற ரோமன்-டச்சுச் சட்டம் தொடர்ந்து நடைமுறையில் இருந்ததால், அதை அறிந்தவர்களுக்கு மதிப்பு இருந்தது. பறங்கியர் விரைவாக ஆங்கிலம் கற்றனர். சில தலைமுறைகளில் டச்சு மொழி வழக்கொழிந்தது. மாத்தறையில் பிறந்த சார்ல்ஸ் அம்புரோஸ் லொரென்ஸ் (1829–1871) அக்காலத்தின் தலைசிறந்த பறங்கியர். வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர் என்ற நிலைகளில் விளங்கிய அவர், "சிலோன் எக்சாமினர்" பத்திரிகையை 1859-இல் நண்பர்களுடன் சேர்ந்து வாங்கி நடத்தினார். இலங்கையர் கைக்கு வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அது.

யார் பறங்கியர் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. 1827 முதல் 1833 வரை தலைமை நீதிபதியாக இருந்த சர் ரிச்சர்ட் ஒட்லி அதற்கு ஒரு விளக்கம் தந்தார். இலங்கையில் பிறந்த ஒருவரின் தந்தை வழி முன்னோர் டச்சுக்காரராகவோ போர்த்துக்கீசியராகவோ வேறு ஐரோப்பியராகவோ இருந்தால் அவர் பறங்கியர். தாய் எந்த இனத்தவராயினும் அது பொருட்டல்ல. மாறாக, தந்தை உள்ளூர்க்காரராகவும் தாய் ஐரோப்பிய வழியினராகவும் இருந்தால் பிள்ளை பறங்கியர் ஆவதில்லை.

இந்த விதியைக் கணக்காகப் பார்த்தால் அதன் தன்மை விளங்கும். ஒருவருக்கு ஏழு தலைமுறைக்கு முன் 128 முன்னோர் இருப்பர். அவர்களுள் நேர் தந்தை வழியில் வருபவர் ஒருவரே. அந்த ஒருவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்தால், மற்ற 127 பேரும் சிங்களரோ தமிழரோ கலப்பினத்தவரோ ஆக இருந்தாலும், பெயரும் இனமும் அவரைக் கொண்டே குறிக்கப்பட்டன.

சங்கமும் வம்ச வரிசைகளும்

1908-இல் கொழும்பில் டச்சுப் பறங்கியர் சங்கம் நிறுவப்பட்டது. அதன் தூண்டுகோலாக இருந்தவர் ரிச்சர்ட் ஜெரால்ட் அந்தோனிஸ் (1852–1930). காலியில் பிறந்த இவர் இலங்கை அரசின் முதல் ஆவணக் காப்பாளர். ஈரத்தாலும் பூச்சியாலும் அழிந்துகொண்டிருந்த டச்சு ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, 1907-இல் அவை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். சங்கத்தின் இதழ் 1908 முதல் வெளிவந்தது. குடும்பம் குடும்பமாக வம்ச வரிசைகளை வெளியிட்டது அதன் பெரும்பணி.

இவ்வரிசைகள் ஒரே முறையில் அமைந்தவை. முதலில் ஐரோப்பாவிலிருந்து வந்தவரின் பெயர், ஊர், கப்பல், வந்த ஆண்டு. பிறகு அவர் மனைவி, பிள்ளைகள். அடுத்த தலைமுறையில் ஆண்மக்களின் கிளைகள் மட்டும் தொடரும். பெண்மக்கள் யாரை மணந்தார்கள் என்பதோடு அவர்களின் வரி முடிந்துவிடும். சங்கத்தில் சேரவும் தந்தை வழியில் ஐரோப்பிய முன்னோர் இருந்ததைக் காட்ட வேண்டும்.

இம்முயற்சியால் பெரும் நன்மை விளைந்தது. பதிவேடுகள் அழியுமுன் பல நூறு குடும்பங்களின் விவரம் அச்சேறியது. கூடவே ஒரு பிளவும் உறுதிப்பட்டது. வம்ச வரிசை காட்ட முடிந்தவர் "டச்சுப் பறங்கியர்". காட்ட முடியாத தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் தச்சரும் "போர்த்துக்கீசியப் பறங்கியர்" என்று ஒதுக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் பாட்டிமார் பெரும்பாலும் ஒரே வகைப்பட்டவர்களே. வேறுபாட்டைத் தந்தவை செல்வமும் கல்வியும் காகிதமும்.

புலம்பெயர்வும் காகிதத்தின் வலிமையும்

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. தமிழரைப் பெரிதும் பாதித்த அந்தச் சட்டம், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டு அரசு அலுவல்களில் இருந்த பறங்கியரையும் பாதித்தது. பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. மெல்போர்ன் நகரம் அவர்களின் புதிய மையமாயிற்று.

அக்காலத்தில் ஆஸ்திரேலியா வெள்ளையரல்லாதாரைக் குடியேற விடாத கொள்கையைப் பின்பற்றியது. அது 1973-இல்தான் முற்றாகக் கைவிடப்பட்டது. விண்ணப்பிப்போர் தாம் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர் என்று காட்ட வேண்டியிருந்தது, தோற்றமும் கவனிக்கப்பட்டது. பெருமைக்காகத் தொகுத்த வம்ச வரிசை இப்போது பயணச் சீட்டைப் போல் பயன்பட்டது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் வெளுத்த நிறத்தவருக்கு எளிதாகவும் கறுத்த நிறத்தவருக்குக் கடினமாகவும் அமைந்த விதி அது. காகிதத்தில் விடப்பட்டிருந்த பாட்டி, பேரப்பிள்ளையின் முகத்தில் தெரிந்தார்.

இலங்கையிலேயே தங்கியவர்களும் உண்டு. 2012-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பறங்கியர் சுமார் 38,000 பேர். ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944), ஓவியர் ஜோர்ஜ் கீற் (1901–1993), பண்டைய நீர்ப்பாசனத்தை ஆராய்ந்த ஆர். எல். புரோஹியர், பொதுவுடைமைத் தலைவர் பீட்டர் கெனமன் ஆகியோர் இச்சமூகத்தின் புகழ்பெற்ற பெயர்கள். டச்சுப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து தமிழரை மணந்த ஆங்கிலக் கவிஞர் ஜீன் அரசநாயகம் (மறைவு 2019), 1983 இனக்கலவரத்தில் குடும்பத்துடன் அகதி முகாமில் இருக்க நேர்ந்தது. தான் யார் என்ற கேள்வி அவருடைய கவிதைகளின் மையமானது.

தமிழகக் கரையுடன் ஓர் ஒப்பீடு

தமிழகக் கரையிலும் டச்சுக் குடும்பங்கள் வாழ்ந்தன. பழவேற்காட்டில் 1613-இல் ஜெல்திரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1824-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி எஞ்சிய டச்சுக் குடியிருப்புகளும் 1825-இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டன.

இங்கே கொழும்பைப் போல ஒரு சமூகம் தொடரவில்லை. கொழும்பில் கம்பெனி நாட்டை ஆண்டது. பெரும் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் நிலவுடைமையும் இருந்தன. தமிழகக் கரையில் அதன் அதிகாரம் கோட்டையையும் சில ஊர்களையும் தாண்டவில்லை. துணி வாங்குவதும் அடிமைகளை ஏற்றுவதும் நின்றபின் பிழைப்புக்கு வழியில்லை. சிலர் வெளியேறினர், எஞ்சியோர் சென்னையின் ஆங்கிலோ-இந்தியச் சமூகத்தில் கலந்தனர்.

எனவே பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களில் குடும்ப வரலாறு கல்லில் மட்டும் நிற்கிறது. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. டச்சுக் கம்பெனியில் பணியாற்றிய டேனியல் ஹவார்ட் 1693-இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை பற்றிய நூலில் பல கல்லறை வாசகங்களைச் சேர்த்தார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தபோது டச்சுக் கற்களும் இடம்பெற்றன. அக்கற்களில் பெயர்கள் உண்டு. அவற்றைத் தம் முன்னோர் என்று சொல்லி வந்து நிற்கும் சமூகம் அந்த ஊர்களில் இல்லை.

வீட்டில் எஞ்சியவை

வம்ச வரிசையில் இடம்பெறாத தாய்மார்கள் வீட்டு வழக்கங்களில் இடம்பெற்றிருக்கிறார்கள். பறங்கியரின் புகழ்பெற்ற உணவு லம்பிரைஸ். பெயர் டச்சு, பொருள் சோற்றுப் பொட்டலம். இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, கறி, வாழைக்காய் அல்லது கத்தரிக்காய்ப் பிரட்டல், சம்பல், "ஃபிரிக்கடெல்" என்னும் இறைச்சி உருண்டை ஆகியவற்றை வாழையிலையில் மடித்துச் சூளையில் வாட்டுவர். உருண்டை ஐரோப்பாவுக்கு உரியது. கறியும் சம்பலும் வாழையிலையும் இந்த மண்ணுக்கு உரியவை.

மொழியிலும் தடயம் உண்டு. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் சிலரிடம் போர்த்துக்கீசியக் கலப்பு மொழி இன்றும் வழங்குகிறது. அவர்கள் தமிழும் பேசுவர். தமிழுக்கும் டச்சுச் சொற்கள் வந்து சேர்ந்தன. அலுவலகத்தைக் குறிக்கும் ஈழத்தமிழ்ச் சொல் "கந்தோர்", கழிப்பறையைக் குறிக்கும் "கக்கூசு", பழத்தின் பெயரான "பம்பளிமாசு", பத்திரம் எழுதுபவரைக் குறிக்கும் "நொத்தாரிசு" ஆகியவை டச்சு வழி வந்தவை.

பதிவேடுகளை மறுபடி படித்தல்

தாய் வழி மறைந்ததற்கு மூல ஆவணங்கள் காரணமல்ல. டச்சு வழக்கப்படி மணமான பெண் ஆவணங்களில் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தாள். ஞானஸ்நானப் பதிவில் தாயின் முழுப்பெயர் இருக்கிறது. பின்னாளில் அவற்றிலிருந்து வரிசை அமைத்தவர்கள்தாம் ஆண் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஆகவே அதே பதிவேடுகளைக் கொண்டு தாய் வழியையும் தேட முடியும். அதற்கு உதவும் குறிப்புகள் சில:

அ) மணமகளின் பெயருடன் ஊர்ப்பெயர் மட்டும் இருந்து, தந்தை பெயர் இல்லாமல் இருந்தால், அவள் புதிதாகக் கிறிஸ்தவரானவளாகவோ விடுதலை பெற்ற அடிமையாகவோ இருக்கக்கூடும். வங்காளம், மலபார் போன்ற ஊர்ப்பெயர்கள் அவள் எந்தப் பகுதியிலிருந்து வந்தாள் என்பதைக் காட்டும்.

ஆ) ஞானஸ்நானச் சாட்சிகள் பெரும்பாலும் உறவினர். தாய் வீட்டாரின் பெயர்கள் அங்கே கிடைக்கும்.

இ) தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைக்கு இடுவது டச்சுக்காரரிடமும் வழக்கம். நம்மிடையே "பேரன்", "பேர்த்தி" என்ற சொற்களே அந்த வழக்கத்தைச் சொல்கின்றன. ஒரு குடும்பத்தில் திடீரென ஒரு புதிய பெயர் வந்தால், அது தாய் வழிப் பாட்டனார் அல்லது பாட்டியார் பெயரா என்று பார்க்க வேண்டும்.

ஈ) உயிலும் சொத்துப் பட்டியலும், திருமணப் பதிவில் இல்லாத பிள்ளைகளையும், அவர்களின் தாயையும், விடுதலை தரப்பட்ட அடிமைகளையும் குறிப்பிடுவதுண்டு.

இவ்வாறு படிக்கும்போது, ஒரு "டச்சுக் குடும்பத்தின்" வரலாறு கொழும்பு, தஞ்சை, நாகப்பட்டினம், கொச்சி, வங்காளம் முதலிய பல ஊர்ப் பெண்களின் வரலாறாகவும் விரிகிறது. வுல்பெண்டால் தேவாலயத்தின் சுவரில் குடும்பச் சின்னங்களுடன் நிற்கும் கற்களில் பெரும்பாலும் ஆண்களின் பதவிகளே செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களின் மனைவியர் பெயர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டின் வரிகளில், பிள்ளையின் பெயருக்கு அடுத்து, எழுதப்பட்டிருக்கின்றன.